பேக்குக்குள்ள என்ன இருக்கெண்டு கேக்கிறவங்களுக்கு

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன கிழமை உங்கட பேப்பரில ஒரு வாசகர் எழுதியிருந்தாரே, பொத்துவில் பக்கம் அறுகம்பேக் கடற்கரைக்கு வாற வெள்ளைக்காரப் பிள்ளைகளப் பாத்திட்டு எங்கட பிள்ளைகளும் முதுகில ஒரு பேக்கக் கொழுவிக்கொண்டு நாடு நாடாத் திரிய வெளிக்கிட்டிட்டாங்க, இது எங்கட பண்பாட்டுக்குச் சரிவராது, சல்லியும் பாழ், பாதுகாப்பும் இல்ல எண்டு, அதுக்குப் பதிலாத்தான் இத எழுதுறன். அவர் வயசில மூத்தவர் எண்டு எழுத்திலயே விளங்குது, மரியாதையோடதான் சொல்றன், ஆனா வாசிச்சிட்டு சும்மா இருக்கவும் ஏலாமப் போச்சு, ஏனெண்டா அவர் சொல்ற பிள்ளைகள்ல நானும் ஒராள். கல்லடியில இருக்கன், ஏ.எல் பிள்ளைகளுக்கு கணக்கியல் டியூசன் குடுக்கிறது என்ட வேலை, சீட்டுக் கட்டி மிச்சம் பிடிச்சு அந்தச் சல்லியிலதான் போய் வாறன், ஆரிட்டயும் கடன் வாங்கயில்ல.

முதல்ல பண்பாட்டுக் கதைய முடிச்சிடுறன். எங்கட அம்மா தொண்ணூறுகள்ல குவைத்துக்குப் போனவ, வீட்டு வேலைக்கு. இருபத்திச் சொச்சம் வயசு, அதுக்கு முதல் கொழும்பையே வடிவாப் பாத்ததில்ல, அரபு தெரியாது, போற வீடு ஆரிட வீடு எண்டு தெரியாது, தனியாத்தான் பிளேன் ஏறினவ. அந்தக் காலத்தில வெளிநாட்டு வேலைக்குப் போன இலங்கையர்ல பாதிக்கு மேல பொம்பிளைகள், எங்கட மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் எந்த ஒழுங்கைக்குள்ள போனாலும் அப்பிடி ஒரு வீடு இருக்கும். அப்ப ஊரில ஒருத்தரும் "பொம்பிளைப்பிள்ள தனியாப் போகலாமா" எண்டு கேக்கயில்ல, அனுப்பின சல்லியில கல்வீடு எழும்பேக்க வந்து பால் காய்ச்சித் திண்டிட்டுப் போனாங்க. மறுகா 2013ல அரசாங்கமே சட்டம் போட்டுச்சு, வீட்டு வேலைக்குப் போற பொம்பிளை குடும்பப் பின்னணி அறிக்கை குடுக்கோணும், அஞ்சு வயசுக்குக் குறைஞ்ச பிள்ள இருந்தா போகேலாது எண்டு. 2022ல நாட்டில டொலர் இல்லாமப் போன உடன அந்த அஞ்சு வயச ரெண்டு வயசாக் குறைச்சாங்க. பண்பாடு எங்க போச்செண்டு அப்ப ஒருத்தரும் பேப்பருக்கு எழுதயில்ல. நான் என்ட சல்லியில ரெண்டு கிழமை போய் நாலு கோயிலும் மலையும் பாத்திட்டு வாறன் எண்டாத்தான் பண்பாடு எழும்பி நிக்குது. அம்மாட்ட இந்தக் கடிதத்த வாசிச்சுக் காட்டினன், "நீ போ புள்ள, நான் போகேக்க ஏர்ப்போட்டில ஏசி ஏசித்தான் ஏத்தினவங்க, நீயெண்டாலும் சிரிச்சிட்டு ஏறு" எண்டா.

சரி, சல்லியும் பாதுகாப்பும் எண்டு அவர் கேட்டது நியாயமான கேள்வி, அதுக்குத்தான் கனக்க எழுதப்போறன், நீளமாப் போனா குறை நினைக்காதீங்க. என்ட அனுபவத்தில ரெண்டுக்கும் ஒரே பதில்தான், பேக் சின்னனா இருக்கோணும்.

யோசிச்சுப் பாருங்க, பெரிய சூட்கேசோட ஒரு பொம்பிளை தெரியாத ஊரில இறங்கி நிக்கிறா. படி ஏறுறதுக்கு ஆராவது தூக்கித் தரோணும், தூக்க வாறவன் நல்லவனா கெட்டவனா எண்டு பாத்துக்கொண்டு நிக்க நேரமில்ல. கோச்சியிலயும் பஸ்சிலயும் ஏத்த ஏலாது, அதால டாக்சி பிடிக்கோணும், டாக்சிக்காரன் சொன்னதுதான் விலை. போன இடத்தில ரூம் கதவு சரியாப் பூட்டுப்படயில்ல, இல்லாட்டி அங்க நிக்கிற ஆளிட பார்வை ஒரு மாதிரி இருக்கு எண்டு வைங்க, அந்த மூட்டைய இழுத்துக்கொண்டு இரவில இன்னொரு இடம் தேட மனம் வராது, சரி ஒரு இரவுதானே எண்டு படுத்திடும். முதுகில ஏழு கிலோ எண்டா அந்த யோசனையே இல்ல, கொழுவிக்கொண்டு இறங்கி நடக்கிறதுதான். எங்கட ஆக்கள் பாதுகாப்பு எண்டா கூட ஒரு ஆம்பிளை வாறது எண்டு நினைக்கிறாங்க, எனக்கெண்டா நினைச்ச நேரம் அந்த இடத்த விட்டு எழும்பிப் போக ஏலுமா இல்லையா எண்டதுதான் பாதுகாப்பு.

ஏன் ஏழு கிலோ எண்டா, விலை குறைஞ்ச பிளேன்காரங்க கனபேர் கையில கொண்டு போறதுக்கு விடுறது அவ்வளவுதான். எயார் ஏசியாவில பெரிய பேக்கும் சின்ன பேக்கும் சேத்தே ஏழு கிலோ, பெரிய பேக் 56 க்கு 36 க்கு 23 சென்ரிமீற்றருக்குள்ள இருக்கோணும். பிளேனிட அடியில ஏத்துறதுக்குக் கீழ போடுற பேக்குக்கு தனியாச் சல்லி, அதும் டிக்கட் எடுக்கேக்கயே கட்டினா ஒரு விலை, ஏர்ப்போட்டில வந்து கட்டினா வயிறு எரியிற விலை. போகேக்கயும் வரேக்கயும் எண்டு கூட்டிப் பாத்தா அந்தச் சல்லிக்கு அங்க நாலஞ்சு நாள் படுத்து எழும்பலாம். என்ட மச்சாள் ஒராள் இருக்கிறா, சில்லுப் பெட்டி இல்லாம அசையமாட்டா, அந்தப் பெட்டி வெறுமனே மூண்டு கிலோ, அதுக்குள்ள ஒண்டும் வைக்க முதலே பாதி கணக்கு முடிஞ்சுது. துணி பேக் எண்டா ஒரு கிலோவுக்குள்ள வரும். 30, 35 லீட்டர் காணும், ஏ.எல் படிக்கிற பிள்ள கொண்டு போற பேக்க விடக் கொஞ்சம் பெரிசு. வாங்கேக்க இடுப்பில கட்டுற பட்டி இருக்கா எண்டு பாருங்க, அது சும்மா வடிவுக்கில்ல, பாரம் தோளை விட்டு இடுப்பில இறங்கும், பாரமான சாமான முதுகோட ஒட்டின பக்கம் வைக்கோணும். பொம்பிளைகளுக்கெண்டு முதுகு நீளம் குறைஞ்ச பேக்கும் இருக்கு, கட்டையான ஆக்களுக்கு அது நல்லம். நிறுக்கிறதுக்கு மெசின் ஒண்டும் தேவையில்ல, எங்கட ஒழுங்கைக்கு வாற மீன்காரரிட தொங்கு தராசில கொழுவித்தான் நான் நிறுத்தன், அவர் "என்ன டீச்சர் கிலோ எவ்வளவுக்குத் தாறீங்க" எண்டு கேட்டார்.

உடுப்பு மூண்டு செட், ஒண்டு உடம்பில, ஒண்டு பேக்கில, ஒண்டு காயுறதுக்கு, எத்தின நாள் போனாலும் அவ்வளவுதான். இதக் கேட்டா எங்கட ஆக்கள் மூக்கச் சுளிப்பாங்க, ஒரே சட்டையிலயா எல்லாப் போட்டோவும் எண்டு. ஓம், ஒரே சட்டையிலதான். ஜீன்ஸ் வேண்டாம், பாரம், தோய்ச்சா ரெண்டு நாளைக்குக் காயாது, மழைக்காலமெண்டா மணக்கவும் தொடங்கும். மெல்லிசான குர்தா மூண்டு, தளர்வான கால்சட்டை மூண்டு, இரவு குளிக்கேக்கயே சவுக்காரம் போட்டுத் தோய்ச்சு, துவாய்க்குள்ள வைச்சு சுருட்டி இறுக்கி முறுக்கினா தண்ணி முழுக்க துவாய்க்குப் போயிரும், விடிய எழும்பேக்க காஞ்சிருக்கும். சப்பாத்து ஒண்டு, அது காலில, பாட்டா செருப்பு ஒரு சோடி பேக்கில. பாரமான உடுப்ப பிளேனுக்குள்ள போட்டுக்கொண்டு போனா அது கிலோக் கணக்கில வராது.

ஆனா ஒரு சாமான் மட்டும் என்னெண்டாலும் வேணும், இடுப்பில சுத்துற மருதமுனைச் சாரம். கைத்தறிச் சாரத்துக்கு மருதமுனை எப்பிடியெண்டு அம்பாறை ஆக்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. பாங்கொக்கில அரண்மனைக்குள்ள போறதெண்டா தோளும் முழங்காலும் மூடியிருக்கோணும், வாசல்ல நிண்டு வெள்ளைக்காரப் பிள்ளைகள் அந்தரப்பட்டு பாவாடை வாங்குவாங்க, நான் பேக்கில இருந்து எடுத்துச் சுத்திக்கொண்டு போயிருவன். ஹொஸ்டல் எண்டு கட்டில் கணக்கில வாடகைக்கு விடுற மலிவான இடங்கள்ல கீழ் கட்டில் கிடைச்சா மேல் கட்டில் மெத்தைக்கடியில ஒரு கரையச் செருகித் தொங்க விட்டா திரை, ஆர் போறாங்க வாறாங்க எண்டு தெரியாம நித்திரை கொள்ளலாம். ஏசி பஸ்சில போர்வை, கடற்கரையில பாய், உடுப்பு மாத்துறதுக்கு மறைப்பு, தலைக்கு வெயில் பட்டா முக்காடு. நேபாளத்தில போக்கரா எண்ட ஊரில ஒரு ஜேர்மன் பிள்ள அதத் தடவிப் பாத்திட்டு எங்க வாங்கினனீங்க எண்டு கேட்டுது, ஊரில இருந்து கொண்டு போற சாமான்ல இதவிட நல்லது இருக்கிறதா எனக்குத் தெரியாது.

சாப்பாட்டு விசயத்திலதான் வீட்டில சண்டை. நான் வெளிக்கிடுறன் எண்டா அம்மா இடிச்ச சம்பல், சீனிச் சம்பல் போத்தல், மாங்காய் அச்சாறு, முறுக்கு, கருவாடும் பொரிச்சு ஒரு பார்சல் எண்டு வரிசையா வைச்சிருப்பா. கையில கொண்டு போற பேக்கில தண்ணிச் சாமான் ஒரு போத்தல் 100 மில்லிலீட்டருக்கு மேல இருக்கேலாது, எல்லாப் போத்தலும் சேத்து ஒரு லீட்டர் தெளிவான பையொண்டுக்குள்ள அடங்கோணும், 2006ல இருந்து கனநாட்டில இதுதான் சட்டம். கெட்டியான சம்பலும் அச்சாறும் எங்களுக்குச் சாப்பாடு, செக்கிங்கில நிக்கிறவருக்கு அது பேஸ்ட், தூக்கிக் குப்பையில போட்டிடுவார். தாய்லாந்தில வீதிக்கு வீதி சோறும் உறைப்பும் இருக்கு, எங்கட உறைப்பு அவங்களுக்குப் புதுசில்ல, வியட்நாமில நூடில்ஸ், நேபாளத்தில பருப்பும் சோறும் ரெண்டாந்தரம் கேட்டாலும் போடுவாங்க, பட்டினி கிடக்கிற நாடொண்டுக்கும் நான் போகயில்லயே. நான் முறுக்கும் வறுத்த தேங்காய்ப்பூச் சம்பலும் மட்டும் எடுப்பன், அதும் அம்மாட மனம் நோகாம. தலைக்குப் போடுற எண்ணெய்யும் ஷாம்பூவும் சின்னப் போத்தல்ல, சவுக்காரம் கட்டியா எடுத்தா தண்ணிக் கணக்கிலயே வராது.

இனி எழுதப் போறத பேப்பரில போடுவீங்களோ தெரியாது ஐயா, ஆனா இந்தக் கடிதம் வாசிக்கிற பிள்ளைகளுக்கு இதுதான் முக்கியம். மாசத்துக்கு வாற அந்த நாள்கள் பயணத்துக்காக நிக்காது. ஒரு பெரிய பேட் பக்கெட்டக் கொண்டு போனா பேக்கில கால்வாசி அதுதான், ரெண்டு மூண்டு பேட் மட்டும் எடுத்திட்டு மிச்சத்த அங்க வாங்குங்க, எந்த நாட்டிலயும் பொம்பிளைகள் இருக்கிறாங்கதானே. மலை ஏறுறதெண்டா, நீண்ட பஸ் பயணமெண்டா மாதவிடாய்க் கப் நல்லம், ரப்பர் மாதிரி ஒரு சின்னக் கிண்ணம், ஒருக்கா வாங்கினா வருசக்கணக்கில பாவிக்கலாம், எட்டு மணித்தியாலம் பயமில்லாம இருக்கலாம். கல்யாணம் கட்டாத பிள்ளைகள் பாவிக்கக் கூடாது எண்டு எங்கட பக்கம் ஒரு கதை இருக்கு, அதுக்கு வைத்தியக் காரணம் ஒண்டுமில்ல, பயமெண்டா தெரிஞ்ச டொக்டரம்மாட்ட கேட்டிட்டு எடுங்க. வீட்டில ரெண்டு மாசம் பாவிச்சுப் பழகினாப் பிறகுதான் வெளிநாட்டுக்குக் கொண்டு போகோணும், கையக் கழுவ நல்ல தண்ணி இல்லாத இடத்தில முதல் நாள் பழகிறது சரிவராது. கறுப்பு நிறத்தில உள்ளுடுப்பு, ஒரு சின்ன சிப் பை, அவ்வளவுதான்.

மருந்துக்கு பனடோல், வயித்தோட்டத்துக்குக் கரைச்சுக் குடிக்கிற ஜீவனி பக்கெட் நாலஞ்சு, பிளாஸ்டர், நோவுக்குப் பூசுற சித்தாலேப சின்ன டப்பா. நாளாந்தம் குடிக்கிற குளிசை இருந்தா டொக்டர் எழுதின துண்டோட, அதிட சொந்தப் பெட்டியிலயே கொண்டு போகோணும். சிங்கப்பூருக்கு சில நித்திரைக் குளிசை, கடும் நோவுக் குளிசைகள் கொண்டு போறதெண்டா முன்கூட்டியே அனுமதி எடுக்கோணும், அங்க சட்டம் விளையாட்டில்ல. போன் பவர் பேங்க் கீழ போடுற பேக்கில வைக்கேலாது, கையிலதான், 100 வாட்-மணிக்கு (Wh) குறைவா இருக்கோணும், சாதாரணமா 20,000 mAh எண்டு எழுதியிருக்கிறது அதுக்குள்ள வரும், 2025ல இருந்து கன பிளேன்ல பறக்கேக்க அதால சார்ஜ் போடவும் விடுறாங்க இல்ல.

நகை. எங்கட பொம்பிளைகள் சந்தைக்குப் போறதெண்டாலும் காதும் கழுத்தும் நிறைஞ்சிருக்கோணும். வெளிநாட்டுக்குப் போகேக்க கழட்டி வைச்சிட்டுப் போங்க, கள்ளன் பயம் ஒரு பக்கம், திரும்பி வரேக்க சுங்கத்தில இது ஆரிட, எங்க வாங்கினது எண்டு விளக்கம் சொல்ல வேண்டி வாறது மறுபக்கம். சல்லிய ரெண்டாப் பிரிச்சு, பாஸ்போட்டோட கொஞ்சம் உடுப்புக்கு உள்ள கட்டுற பையில, செலவுக்கு எடுக்கிறது வெளியில. எங்கட கிழவிமார் இடுப்பில செருகிற சுருக்குப் பை இருக்கே, அதத்தான் வெள்ளைக்காரன் இப்ப பயணப் பட்டி எண்டு விக்கிறான்.

இனி ஏர்ப்போட். தனியாப் போற பொம்பிளை, கிழக்கில இருந்து வாறவ, கையில சின்ன பேக், விசிட் விசா, இந்த நாலும் சேந்தா கட்டுநாயக்காவில கேள்வி கூடத்தான் வரும். அதுக்குக் கோவிச்சுப் பிரயோசனமில்ல, ஏனெண்டா விசிட் விசாவில பிள்ளைகளக் கொண்டு போய் வீட்டு வேலைக்கு விக்கிற ஏஜென்சிக்காரங்கள் உண்மையாவே இருக்கிறாங்க, 2022ல ஓமானில அகப்பட்ட எங்கட பொம்பிளைகள்ட கதை பேப்பரிலயே வந்திச்சு. அதால கேள்விக்கு ஆயத்தமாப் போறதுதான் புத்தி. திரும்பி வாற டிக்கட் பிரிண்ட் எடுத்து, முதல் ரெண்டு மூண்டு இரவுக்காவது புக் பண்ணின ஹொஸ்டல் துண்டு, பாங்க் காட், வேலை செய்யிற இடத்துக் கடிதம், என்னப் போல சொந்தத் தொழில் எண்டா பதிவுத் துண்டு. பாஸ்போட்டுக்கு ஆறு மாசமாவது காலம் இருக்கோணும். ஆறுதலா, கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னாக் காணும், கதைய நீட்டத் தேவையில்ல. பாஸ்போட் பக்கத்த போட்டோ எடுத்து தங்கச்சிட வட்ஸ்அப்புக்கு அனுப்பிட்டுத்தான் நான் கோச்சி ஏறுறது, எந்த நாள் எந்த ஊர் எண்டதும் அவளுக்குத் தெரியும்.

கோச்சி எண்டதும் ஞாபகம் வருது, கட்டுநாயக்காவுக்கு வான் பிடிச்சு குடும்பமே ஏறிப் போற வழக்கம் எங்கட ஆக்களுக்கு, அதுக்கே அங்க ரெண்டு நாள் செலவு போயிரும். இரவு பாடுமீன் கோச்சியில ஏறினா விடியக் கொழும்புக் கோட்டை, அங்க இருந்து 187 பஸ். பேக் சின்னனா இருக்கிறதால பஸ்காரர் அதுக்கு ஒரு சீட்டுக் காசும் கேக்கமாட்டார்.

எங்க போறது எண்டு கேப்பீங்க. இலங்கைப் பாஸ்போட்டுக்கு உலகமே கதவத் துறந்து வைக்கயில்ல எண்டது உண்மை, ஐரோப்பா விசாவுக்குக் கட்டுற சல்லியில ஒரு பயணமே போகலாம். ஆனா துறந்து கிடக்கிற கதவும் இருக்கு. சிங்கப்பூருக்கு முன்கூட்டி விசா தேவையில்ல, போக முதல் மூண்டு நாளுக்குள்ள ஒன்லைன்ல வருகை அட்டை நிரப்பினாச் சரி. தமிழ் அங்க நாலு அரச மொழியில ஒண்டு, ரயில் ஸ்டேசன் பேர் தமிழில இருக்கும், லிட்டில் இந்தியா எண்டு சொல்ற தேக்கா பக்கம் நிண்டா மட்டக்களப்பு மார்க்கெட்டில நிக்கிற மாதிரித்தான். படுக்கைதான் விலை, சாப்பாடு ஹோக்கர் சென்டர் எண்ட சாப்பாட்டுக் கடைத்தொகுதியில மலிவு, குழாய்த் தண்ணி அப்பிடியே குடிக்கலாம் எண்டபடியா போத்தல் ஒண்டு இருந்தா தண்ணிக்குச் செலவில்ல. தாய்லாந்து 2024 ஜூலையில 93 நாட்டுக்கு விசா இல்லாம வர விட்டுது, அதில நாங்களும் இருந்தம், 2025 மேயில இருந்து ஒன்லைன் வருகை அட்டை நிரப்போணும். இந்தச் சட்டமெல்லாம் மாறிக்கொண்டே இருக்கும், டிக்கட் எடுக்க முதல் அந்த நாட்டுத் தூதரகப் பக்கத்தில ஒருக்காப் பாருங்க, பேஸ்புக்கில ஆரோ சொன்னத நம்பாதீங்க. பாங்கொக்கில ஏர்ப்போட்டில இருந்து டவுனுக்கு கோச்சி 45 பாத்துக்கு மேல போகாது, டாக்சி அதில பல மடங்கு. சிலோம் வீதியில மாரியம்மன் கோயில் இருக்கு, தாய்க்காரங்களும் நிண்டு கும்பிடுவாங்க, போனா மனசுக்கு ஒரு தெம்பு. வடக்கில இருக்கிற சியாங் மாய் நகரத்துக்குப் போற இரவுக் கோச்சி சிலதில பொம்பிளைகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் மட்டுமெண்டு ஒரு பெட்டி இருக்கு, டிக்கட் எடுக்கேக்க கேட்டு எடுங்க, ஹொஸ்டல்லயும் பொம்பிளைகளுக்கு மட்டுமான அறை எண்டு தனியா இருக்கும், கொஞ்சம் கூடக் குடுத்தாலும் அதிலயே படுங்க, பூட்டு ஒண்டு கொண்டு போங்க, லொக்கருக்கு.

நேபாளத்துக்கு, நாங்க சார்க் எண்ட தெற்காசியக் கூட்டமைப்பு நாட்டு ஆக்களெண்டபடியா வருசத்தில முதல் தரம் 30 நாள் விசா சும்மா, அங்க இறங்கி எடுக்கிறது. குளிருக்கு என்ன செய்யிற, ஏழு கிலோவுக்குள்ள எப்பிடி ஜக்கெட் கொண்டு போற எண்டு என்னட்டக் கேக்காத ஆளில்ல. கொண்டு போறதே இல்ல, காத்மாண்டுவில தமேல் எண்ட பகுதியில கடைக்குக் கடை ஜக்கெட்டும் படுக்கைப் பையும் நாள் வாடகைக்கு இருக்கு, போக்கராவிலயும் அப்பிடித்தான், எடுத்துப் போட்டிட்டு திருப்பிக் குடுத்திட்டு வாறது. உள்ளுக்கு மெல்லிசா ரெண்டு மூண்டு அடுக்கு போட்டாலே காணும், ஒரு தடிச்ச ஸ்வெட்டர விட அது சூடு. கன மலைப்பாதையில தனியாப் போகேலாது, 2023 ஏப்ரல்ல இருந்து வழிகாட்டி ஒராள் கட்டாயம் எண்டு அறிவிச்சிருக்கிறாங்க. பொம்பிளை வழிகாட்டியே வேணுமெண்டாலும் கிடைக்கும், போக்கராவில மூண்டு சகோதரிமார் தொண்ணூறுகள்ல தொடங்கி கிராமத்துப் பொம்பிளைகளுக்குப் பயிற்சி குடுத்து வழிகாட்டியாக்கிக்கொண்டு வாறாங்க. மலை எண்டா எங்களுக்குச் சரிவராது எண்டு நினைக்கிற ஆக்களுக்கு, எவரெஸ்ட் உச்சியில ஏறின முதல் இலங்கையர் ஒரு பொம்பிளை, ஜயந்தி குரு உதும்பால, 2016 மே மாசம்.

போறது லேசு ஐயா, வாறதுதான் பாரம். வெளிநாட்டால வாறவள் வெறுங்கையோட வரலாமா எண்டதுதான் எங்கட ஊரிட பெரிய பயணச் சட்டம். குவைத்தால, சவுதியால வந்த ஆக்கள் பெட்டி பெட்டியா சோப்பும் செண்டும் போர்வையும் கொண்டு வந்து பழக்கிப்போட்டாங்க, அவங்கள நான் குறை சொல்ல மாட்டன், ரெண்டு மூண்டு வருசம் பிள்ளைய விட்டிட்டு இருந்திட்டு வேற எதக் கொண்டு வாறது. ஆனா நான் ரெண்டு கிழமை போய் ஹொஸ்டல் கட்டில்ல படுத்திட்டு வாறதுக்கும் அதே கணக்குப் போடுறாங்க. வெளிக்கிட முதல் நாள் மாமி வந்து, "மகள், உனக்குப் பாரமில்லாம சின்னச் சாமான் ஒண்டு" எண்டு தொடங்குவா, அந்தச் சின்னச் சாமான் ரைஸ் குக்கர். பக்கத்து வீட்டு அக்காக்கு தாய்லாந்துத் தைலம் ஒரு டசின், தம்பியிட கூட்டாளிக்கு சப்பாத்து ஒரு சோடி, அளவு வட்ஸ்அப்பில வரும். நான் இப்ப எல்லாருக்கும் ஒரே பதில்தான், பேக் நிறுத்துக் காட்டுவன், ஏழு கிலோ நிறைஞ்சிருக்கு, உங்கட சாமானுக்கு கீழ பேக் போடுற சல்லிய முதல்ல தாங்க, கொண்டு வாறன் எண்டு. தந்தவங்க இதுவரைக்கும் இல்ல. கொஞ்சப்பேர் கதைக்கிறதும் குறைஞ்சிட்டு, அதும் ஒரு பாரம் இறங்கின மாதிரித்தான். தேயிலைப் பக்கெட், நேபாளத்து மிளகு மாதிரி ஒரு காரச் சாமான், உள்ளங்கை அளவில ரெண்டு மூண்டு எண்டு கொண்டு வந்து வீட்டு ஆக்களுக்குக் குடுக்கிறதோட சரி.

அந்த வாசகர் வெள்ளைக்காரப் பிள்ளைகளப் பாத்து எண்டு எழுதினாரே, ஓம், பாத்துத்தான் பழகினம், அதில என்ன வெக்கம். பொத்துவில் பஸ்சில அந்தப் பிள்ளைகள் எங்களோட நெருக்கியடிச்சு நிண்டு, அதே டிக்கட் சல்லி குடுத்து, இறங்கிற இடத்தில பேக்கத் தூக்கிக்கொண்டு போறத சின்னனில இருந்து பாக்கிறம், அவங்கள்ல கனபேர் எங்களப் போலத்தான், ஊரில கடையில நிண்டு உழைச்ச சல்லி. அதே அறுகம்பேல 2018ல உள்ளூர்ப் பொம்பிளைகள் சேந்து அலையில சறுக்கிற கிளப் தொடங்கினாங்க, பிள்ளை பெத்த பொம்பிளைகளும் இருக்கிறாங்க, அப்பவும் இதே கதைதான் கதைச்சாங்க, கடல் இன்னும் அங்கதான் இருக்கு.

ஐயாட்ட ஒரு வேண்டுகோள். கலியாண மண்டப விளம்பரத்துக்கும் ஏஜென்சிக்காரன்ட "உடனடி விசா" விளம்பரத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கிறீங்க, மாசத்தில ஒருக்கா எந்த நாட்டு விசாச் சட்டம் எப்பிடி மாறியிருக்கெண்டு ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போட்டா வேலைக்குப் போறவங்களுக்கும் உதவும், பாக்கப் போறவங்களுக்கும் உதவும், ஏமாத்திறவனுக்குத்தான் நட்டம். கடிதம் நீளமெண்டா தாராளமா வெட்டுங்க, மீன்காரர் தராசையும் வெட்டுங்க, மாமிட ரைஸ் குக்கரை கட்டாயம் வெட்டுங்க, அவவும் உங்கட பேப்பர்தான் வாசிக்கிறவ. பேட் பத்தி எழுதினத மட்டும் வெட்டிப்போடாதீங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கல்லடி, மட்டக்களப்பு.